பாட்டு கேட்டால் மறதி நோய் வராதா? ‘39 சதவீதம்’ உண்மையில் சொல்வது என்ன?

‘தினமும் பாட்டு கேளுங்க, டிமென்ஷியா ஆபத்து 39 சதவீதம் குறையும்!’ 2025 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த ஒரு ஆய்வுச் செய்தி, சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் இந்த ஒற்றை வரியாகத்தான் பலருடைய செல்போனுக்கு வந்து சேர்ந்தது. வீட்டில் எழுபதைத் தாண்டிய அப்பாவோ பாட்டியோ இருந்தால், உடனே ஒரு ஸ்பீக்கர் வாங்கிக் கொடுக்கலாமே என்று தோன்றும். தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் ‘அப்போ டாக்டர்கிட்ட போக வேண்டாமா?’ என்ற கேள்விக்கு அந்த வரியில் பதில் கிடையாது.

இசைக்கும் ஞாபக சக்திக்கும் உள்ள தொடர்பில் எது உறுதியானது, எது பாதி உண்மை, வீட்டில் என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அந்த 39 எங்கிருந்து வந்தது?

மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு இது. 70 வயதைத் தாண்டிய, டிமென்ஷியா இல்லாத 10,800-க்கும் அதிகமானவர்களின் தகவல்களை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘எப்போதும் பாட்டு கேட்பேன்’ என்று சொன்னவர்களையும், ‘எப்பவாவது கேட்பேன், கேட்கவே மாட்டேன்’ என்று சொன்னவர்களையும் ஒப்பிட்டார்கள். முதல் கூட்டத்தில் டிமென்ஷியா வரும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. இசைக் கருவி வாசிப்பவர்களிடம் இது 35 சதவீதம்.

சரி, கேட்கவும் செய்து வாசிக்கவும் செய்தால்? இரண்டையும் கூட்டி 74 என்று கணக்குப் போட்டுவிட வேண்டாம். இரண்டும் செய்தவர்களிடம் வித்தியாசம் 33 சதவீதம்தான். மாத்திரை மாதிரி ‘இவ்வளவு இசை, இவ்வளவு பலன்’ என்று இது வேலை செய்வதில்லை என்பதற்கு அந்த ஆய்விலேயே இருக்கும் குறிப்பு இது. வைரல் கார்டுகளில் இந்த 33-ஐ யாரும் போடுவதில்லை.

இன்னொரு விஷயம், 39 சதவீதம் என்பது ஒப்பீட்டு அளவு. புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: 100 பேரில் 10 பேருக்கு நோய் வரும் என்று வைத்துக்கொண்டால், 39 சதவீதம் குறைவு என்பது 10 என்பது 6 ஆவது. அதுவும் பெரிய விஷயம்தான். ஆனால் 100-ல் 39 பேர் தப்பித்தார்கள் என்று அர்த்தம் இல்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி, பாட்டு கேட்டதால் மூளை நன்றாக இருந்ததா, மூளை நன்றாக இருந்ததால் பாட்டு கேட்டார்களா என்பது. டிமென்ஷியா வெளியே தெரிவதற்குச் சில வருடங்கள் முன்பே பலருக்கு எதிலும் நாட்டம் குறைய ஆரம்பிக்கும். ரேடியோ பக்கம் போக மாட்டார்கள், கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டால் ‘நீங்க போயிட்டு வாங்க’ என்பார்கள். ஆய்வில் இவர்கள் ‘பாட்டு கேட்காதவர்கள்’ பட்டியலில் வருவார்கள். நோய் பிறகு தெரியவரும்போது, பாட்டு கேட்காததால் வந்தது போலவே கணக்கு காட்டும். காது சரியாகக் கேட்காதவர்களும் இதே பட்டியலில்தான் வருவார்கள். காது கேளாமையே டிமென்ஷியாவுக்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்று.

ஆக, இது தொடர்பைக் காட்டும் ஆய்வு. ‘இதனால்தான் அது’ என்று நிரூபிக்கும் ஆய்வு அல்ல. இந்த வகையில் இது முதல் ஆய்வும் இல்லை. 2003-ல் அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. வாசிப்பு, பலகை விளையாட்டு, நடனம், இசைக் கருவி வாசிப்பது ஆகிய நான்கும் குறைந்த டிமென்ஷியா ஆபத்தோடு தொடர்புடையவையாகத் தெரிந்தன. சந்தேகம் அப்போதும் இதேதான்.

மற்றதெல்லாம் மறந்தாலும் பாட்டு மட்டும் எப்படி நிற்கிறது?

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

‘ஞாபகம்’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது மூளையில் ஒரே இடத்தில் இல்லை. காலையில் என்ன சாப்பிட்டோம், நேற்று யார் வந்தார்கள் என்பது ஒரு வகை. சைக்கிள் ஓட்டுவது, கோலம் போடுவது, பூ கட்டுவது போல உடம்பே கற்றுக்கொண்டது இன்னொரு வகை. முதல் வகைக்கு மூளையின் பக்கவாட்டில் உள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி அவசியம். அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே தாக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அதனால்தான் ‘இப்பதானே சொன்னேன்!’ என்று வீட்டில் சண்டை வருகிறது. இரண்டாவது வகை மூளையின் வேறு பகுதிகளை நம்பி இருப்பதால் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும்.

பாட்டு இந்த இரண்டிலும் கால் வைத்து நிற்கிறது. மெட்டு, தாளம், வரி, உணர்ச்சி, வாயசைவு என்று மூளையில் பல இடங்களில் பரவிப் பதிகிறது. ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழியாக அது வெளியே வர வாய்ப்பு இருக்கிறது.

இதற்கு மருத்துவ உலகம் அடிக்கடி காட்டும் உதாரணம் கிளைவ் வேரிங் என்ற பிரிட்டிஷ் இசைக் கலைஞர். 1985-ல் ஹெர்பிஸ் வைரஸ் அவருடைய மூளையைத் தாக்கியது. உதட்டோரம் கொப்புளம் வரவைக்கும் அதே வைரஸ்தான். பிழைத்தார், ஆனால் புதிதாக எதுவும் சில நொடிகளுக்கு மேல் நினைவில் தங்கவில்லை. மனைவி அறையை விட்டு வெளியே போய்த் திரும்பினால், பல வருடம் கழித்துப் பார்ப்பதுபோல ஓடி வந்து கட்டிக்கொள்வார். அதே மனிதரைப் பியானோ முன் உட்காரவைத்தால், இசைக் குறிப்பைப் பார்த்து வாசிப்பார். பாடகர் குழுவை வழிநடத்துவார். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் தனது ‘மியூசிகோஃபிலியா’ என்ற 2007-ம் ஆண்டுப் புத்தகத்தில் இவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வேரிங்குக்கு வந்தது அல்சைமர் இல்லை. ஆனால் இசை ஞாபகம் தனி வழியில் போகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டியவர்கள் குறைவு.

அல்சைமருக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஆய்வு 2015-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இருந்து வந்தது. பல வருடமாகத் தெரிந்த பாட்டைக் கேட்கும்போது ஆரோக்கியமான இளைஞர்களின் மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று முதலில் ஸ்கேனில் பார்த்தார்கள். பிறகு அல்சைமர் நோயாளிகளின் ஸ்கேனில் அதே இடத்தைத் தேடினார்கள். மற்ற பகுதிகள் சுருங்கியிருந்தாலும் அந்த இடம் பெரும்பாலும் தப்பித்திருந்தது. ஒரு வரம்பு உண்டு: அந்த நோயாளிகளுக்கே பாட்டு போட்டுக் காட்டிச் சோதித்த ஆய்வு இல்லை இது.

அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட்டுக்கு 2016-ல் அல்சைமர் உறுதியானது. 2021 பிப்ரவரியில்தான் குடும்பம் அதை வெளியே சொன்னது. அதே ஆகஸ்டில், தனது 95-வது பிறந்தநாளில், நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் லேடி காகாவோடு மேடையேறிப் பாடினார். 2023-ல் காலமானார். பாட்டு அவருடைய நோயை நிறுத்தவில்லை. நோய் பாட்டைத் தொட நாளாயிற்று, அவ்வளவுதான்.

அந்தப் பாலே பாட்டி வீடியோ உண்மையா?

2020 நவம்பரில் உலகமே பகிர்ந்த வீடியோ அது. சக்கர நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் வயதான பெண்ணுக்கு ஹெட்போன் மாட்டி, சைக்கோவ்ஸ்கியின் ‘ஸ்வான் லேக்’ இசையைப் போடுகிறார்கள். மெல்ல நிமிர்கிறார். கைகள் அன்னப்பறவையின் சிறகாக விரிகின்றன. இடையிடையே ஒரு இளம் நடனக்காரர் மேடையில் ஆடும் காட்சிகள் வரும், ‘இது அவர்தான்’ என்று நினைக்கும்படி.

ஸ்பெயினில் எடுக்கப்பட்ட காட்சி நிஜம். அந்தப் பெண் மார்த்தா கொன்சாலஸ், வீடியோ பரவுவதற்கு முன்பே இறந்துவிட்டார். ஆனால் இடையில் வரும் இளம் நடனக்காரர் அவர் இல்லை. அது ரஷ்ய பாலே கலைஞர் உல்யானா லோபட்கினா. கண்கலங்க வைக்கும் வீடியோவில் எடிட்டிங் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைச் செய்திப் பிரிவில் இருக்கும் எங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக அந்தக் கைகளின் அசைவு பொய்யாகிவிடாது. அந்த ஒரு நிமிடத்தை வைத்து ‘நோய் குணமானது’ என்று நினைப்பதுதான் தவறு. ஹெட்போனைக் கழற்றிய பிறகு என்ன ஆனது என்பதை இந்த மாதிரி வீடியோக்கள் காட்டுவதே இல்லை.

நோய் வந்தவர்களுக்கு இசை என்ன செய்யும், என்ன செய்யாது?

ஒரு ஆய்வை வைத்துப் பேசாமல், கிடைத்த நல்ல ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்ப்பதற்குப் பெயர்போனது காக்ரேன் அமைப்பு. 2018-ல் அவர்கள் 22 சோதனைகளை, 1,097 பேரை எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்கள் முதியோர் இல்லங்களில் இருந்த டிமென்ஷியா நோயாளிகள்.

மனச்சோர்வு குறைந்தது. நடத்தைப் பிரச்சினைகள் ஒட்டுமொத்தமாகக் கொஞ்சம் சரியாயின. ஆனால் ஞாபகம், சிந்தனைத் திறன் இவற்றில் பெரிதாக மாற்றம் இல்லை. இசை அமர்வுகள் முடிந்து நான்கு வாரத்துக்குப் பிறகும் பலன் நீடிக்கும் என்பதற்கு வலுவான ஆதாரமும் கிடைக்கவில்லை.

குடும்பத்தினர் சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் டிமென்ஷியா உள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களைக் கேட்டால் தெரியும், பெயர் மறப்பதைவிட அவர்களை அதிகம் வாட்டுவது சாயங்காலம் ஆனதும் வரும் பதற்றம், ‘என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ’ என்ற அழுகை, குளிக்கவைக்கும்போது வரும் கோபம். அந்த அரை மணி நேரம் அமைதியாகப் போனாலே பெரிய நிம்மதி. அதில் இசை உதவ வாய்ப்பு இருக்கிறது, பக்க விளைவு பெரிதாக இல்லாமல்.

பக்கவாதம் வந்தவர்களின் கதை கொஞ்சம் வேறு. பின்லாந்தின் ஹெல்சின்கியில் 2008-ல் வெளியான ஆய்வில் 60 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு தனக்குப் பிடித்த பாட்டை இரண்டு மாதம் தினமும் கேட்டது, இன்னொன்று ஒலிப்புத்தகம் கேட்டது, மூன்றாவதுக்கு எதுவும் இல்லை. எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. சொற்களை நினைவில் வைப்பதிலும் கவனத்தைக் குவிப்பதிலும் பாட்டு கேட்டவர்கள் மற்ற இரு குழுவை விட நன்றாக மீண்டார்கள். குழு பிரித்துச் செய்த சோதனை என்பதால், சிறியது என்றாலும் இதற்கு எடை அதிகம். பேச்சு போனவர்களுக்கு மெட்டோடு சொற்களைச் சொல்லிப் பழக்கும் பயிற்சியும் உண்டு. 2011-ல் தலையில் சுடப்பட்ட அமெரிக்க எம்.பி. கேப்ரியல் கிஃபர்ட்ஸ் பேச்சை மீட்டதில் இசைச் சிகிச்சைக்கும் பங்கு இருந்தது.

அறுபதுக்கு மேல் கீபோர்டு கத்துக்கலாமா?

கத்துக்கலாம். ஜெனீவாவிலும் ஹானோவரிலும் 62 முதல் 78 வயது வரையுள்ள, அதற்கு முன் இசை கற்காத 132 ஓய்வுபெற்றவர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குப் பியானோ வகுப்பு, பாதிப் பேருக்கு இசையைக் கூர்ந்து கேட்டு ரசிக்கும் வகுப்பு. வாரம் ஒரு வகுப்பு, தினமும் அரை மணி நேர வீட்டுப்பாடம். ஆறு மாதத்தில் இரண்டு குழுவிலும், கையில் எடுத்த தகவலைச் சிறிது நேரம் மனதில் வைத்திருக்கும் திறன் கூடியது. மூளையின் சில பகுதிகளில் சாம்பல் நிறத் திசுவும் அதிகரித்தது. ஆனால் செவிப்புலன் பகுதி ஒன்றில் பியானோ குழுவுக்கு மட்டும்தான் அளவு குறையாமல் நின்றது. இது டிமென்ஷியாவைத் தடுக்குமா என்பதை ஆறு மாத ஆய்வு சொல்ல முடியாது.

கீபோர்டுதான் வேண்டும் என்றும் இல்லை. பஜனைக் குழு, தேவாலயப் பாடகர் குழு, திருப்புகழ் வகுப்பு எல்லாமே ஞாபகம், மூச்சு, தாளம், நாலு பேரோடு பழகுவது என்று ஒரே நேரத்தில் பல வேலை கொடுக்கும்.

‘மூளைக்கான ஸ்பெஷல் இசை’ என்று காசு வாங்கும் ஆப்களுக்கு மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். 1993-ல் மொஸார்ட் இசை கேட்ட 36 கல்லூரி மாணவர்கள் ஒரு வகைப் புதிரில் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு நன்றாகச் செய்தார்கள் என்று ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு பக்கக் குறிப்புதான், பிறகு ‘மொஸார்ட் கேட்டால் புத்திசாலி ஆகலாம்’ என்று சந்தையில் விற்கப்பட்டது. 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்கும் அளவுக்குப் போனது.

எந்தப் பாட்டைப் போடுவது?

ஸ்பெஷல் ராகம் எதுவும் தேவையில்லை. அவருக்குப் பிடித்த பாட்டு எதுவோ அதுதான்.

தெரியவில்லை என்றால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மனிதர்களுக்கு வாழ்க்கையில் மற்ற காலங்களை விட, சுமார் 10 முதல் 30 வயது வரையிலான நினைவுகள்தான் அதிகமாகவும் ஆழமாகவும் பதிகின்றன. முதல் வேலை, கல்யாணம், முதல் குழந்தை எல்லாம் வரும் காலம். அதனால் பிறந்த வருடத்தோடு 10-ஐயும் 30-ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்று 85 வயது பாட்டி என்றால் 1950 முதல் 1970 வரை. ஜி.ராமநாதன், கே.வி.மகாதேவன், 1965-ல் பிரிவதற்கு முந்தைய விஸ்வநாதன் - ராமமூர்த்தி. 75 வயது அப்பா என்றால் 1960 முதல் 1980 வரை. எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் டி.எம்.எஸ்., சுசீலா, இலங்கை வானொலியில் கேட்டவை எல்லாம். 65 வயது அம்மாவுக்கு 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது பதினைந்து, பதினாறு வயது. இளையராஜாவை விட்டுவிட்டு அவருக்குப் பட்டியல் போடவே முடியாது. நமக்குப் பிடித்த பாட்டை அவர்களுக்குப் போட்டுவிட்டு ‘ரியாக்‌ஷனே இல்லையே’ என்று சலித்துக்கொள்வதில் பயன் இல்லை.

சினிமாவோடு நின்றுவிடவும் கூடாது. கந்தசஷ்டி கவசம், நாகூர் ஹனிபா, கிறிஸ்தவக் கீர்த்தனை என்று அந்த வீட்டில் விடியற்காலை என்ன ஒலித்ததோ அது ஆழத்தில் இருக்கும். வயலில் நடவு நட்ட பாட்டிக்குக் குலவையும் நடவுப் பாட்டும் எந்த ஆப்பிலும் கிடைக்காது. கூட நட்ட இன்னொரு பாட்டி தெருவில் இருந்தால், இருவரையும் சேர்த்து உட்காரவையுங்கள்.

ஒலி எழுப்பும்போது கவனிக்க வேண்டியவை

எந்த நேரத்தில் பதற்றம் வருகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். ஐந்து மணிக்கு வருகிறது என்றால் நாலரைக்கே பாட்டை ஆரம்பிப்பது நல்லது. பதற்றம் உச்சிக்குப் போன பிறகு போட்டால் அதுவும் ஒரு சத்தமாகிவிடும்.

டி.வி.யை அணைத்துவிட்டுப் போடுங்கள். நியூஸ் சேனல் இணையதளத்தில் இதை எழுதுவது கொஞ்சம் சங்கடம்தான். ஆனாலும் விவாத நிகழ்ச்சிச் சத்தத்துக்கு நடுவே எந்த மெட்டும் எடுபடாது. யூடியூபில் போட்டால் பாட்டு முடியும் முன் விளம்பரம் அலறும். குழப்பத்தில் இருக்கும் ஒருவருக்கு அது திடீர் அதிர்ச்சி. பென் டிரைவில் ஏற்றிவைத்தோ, பாட்டு பதிந்தே வரும் ரேடியோ போன்ற கருவிகளிலோ போடலாம்.

அரை மணி நேரம் போதும். நாள் முழுக்க ஓடவிட்டால் அது ஃபேன் சத்தம் போலாகிவிடும். காது மெஷின் இருந்தால் போட்டிருக்கிறாரா, பேட்டரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது காதை மேலும் கெடுக்கும்.

பலர் அன்போடு செய்யும் ஒரு விஷயத்தையும் நிறுத்த வேண்டும். ‘இது யார் பாட்டு சொல்லுங்க பாக்கலாம்? எந்தப் படம்?’ என்று கேட்காதீர்கள். பதில் வராதபோது அவர் முகம் வாடிவிடும். கூடச் சேர்ந்து பாடுங்கள், தாளம் தட்டுங்கள். வரி தப்பினாலும் திருத்த வேண்டாம்.

எல்லாப் பாட்டும் நல்லது செய்யும் என்றும் இல்லை. ஒரு தாலாட்டு, இறந்துபோன குழந்தையை ஞாபகப்படுத்தலாம். கண் கலங்கினால் உடனே பயப்பட வேண்டாம், பழைய நினைவில் அழுவது இயல்பு. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, காதைப் பொத்தினாலோ, கைகளைப் பிசைந்தாலோ நிறுத்திவிடுங்கள். அந்தப் பாட்டைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள்.

டாக்டரிடம் எப்போது?

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ‘வயசானா மறதி வரத்தான் செய்யும்’ என்று விட்டுவிடுவதால்தான் பலர் மருத்துவமனை வாசலுக்கே வருவதில்லை.

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது பெரும்பாலும் சாதாரண மறதி. தினமும் போய்வரும் தெருவில் வழி தெரியாமல் நிற்பது, பல வருடமாக வைத்த குழம்பைச் செய்முறை தெரியாமல் விழிப்பது, பணக் கணக்கு அடிக்கடி தவறுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது இவையெல்லாம் பரிசோதனை தேவை என்பதற்கான அறிகுறிகள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் விளைவு ஆகியவையும் டிமென்ஷியா போலவே தோன்றும். இவற்றைச் சரிசெய்ய முடியும். பாட்டு போட்டுக்கொண்டே காத்திருந்தால் அந்த வாய்ப்பு நழுவிவிடும்.

ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ அது அவசரம். 108-ஐ அழையுங்கள்.

2024-ல் லான்செட் ஆணையம் டிமென்ஷியாவுக்கு வழிவகுக்கும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. இவற்றைச் சரிசெய்தால் உலகில் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்றது. காது கேளாமை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, சரிசெய்யாத பார்வைக் குறைபாடு, மனச்சோர்வு, தனிமை எல்லாம் அதில் இருக்கின்றன. இசை அதில் இல்லை. ஆனால் மனச்சோர்வுக்கும் தனிமைக்கும் இசை கைகொடுக்கும் என்பதால், பட்டியலுக்கு வெளியே நின்றாலும் அது சும்மா நிற்கவில்லை.

மறதிப் பிரச்சினைக்கு நரம்பியல், மனநலம், முதியோர் நலம் ஆகிய மூன்று பிரிவுகளில் எதில் வேண்டுமானாலும் முதலில் காட்டலாம். சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. முதியோருக்கான உதவி எண் 14567. பார்த்துக்கொள்பவர்களுக்கே மனம் சோர்ந்துபோனால் டெலி மானஸ் எண் 14416-ல் பேசலாம், 24 மணி நேரமும் இலவசம்.